வால்நட்சத்திரமும் வடகிழக்குப் பருவமழையும்: வாசகர் கேள்வி பதில்

2024 அக்டோபர் முழுக்கத் தபாலிலும் வாட்ஸப்பிலும் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ஒரு வால்நட்சத்திரத்தைப் பற்றியவை. பெயர் சூச்சின்ஷான்-அட்லஸ். சீனாவின் பர்ப்பிள் மவுண்டன் வானாய்வகம் 2023 ஜனவரியில் இதைப் படமெடுத்தது. பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருக்கும் அட்லஸ் தொலைநோக்கி மறுபடி பிடித்தது. 2024 செப்டம்பர் 27 அன்று சூரியனுக்கு மிக அருகில் போய்த் திரும்பி, அக்டோபர் 12 அன்று பூமியிலிருந்து சுமார் 7 கோடி கிலோமீட்டர் தூரத்தில் நம்மைக் கடந்தது. நம் ஊரில் மழை பிடித்துக்கொண்டதும் அதே வாரம்தான். பார்த்தவர்களைவிடப் பார்க்க முடியாமல் போனவர்களின் கடிதங்களே அதிகம். எல்லாவற்றுக்கும் இந்தப் பகுதியில் இடமில்லை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

அக்டோபர் 12 முதல் 17 வரை தினமும் மாலை மொட்டை மாடியில் நின்றேன். செல்போன் செயலி காட்டிய திசையில் சாம்பல் மேகம்தான் இருந்தது. அதே நாட்களில் இணையத்தில் பிரமாதமான படங்கள் வந்தன. அவர்களெல்லாம் நிஜமாகவே கண்ணால் பார்த்தார்களா?
(வாசகர், வேளச்சேரி, சென்னை)

அந்த வாரத்தில் உங்கள் பகுதியில் மக்கள் மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை ஏற்றி நிறுத்திவைத்திருந்தார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக 15ஆம் தேதி வானிலைத் துறை அறிவித்தது. 17ஆம் தேதி அதிகாலை தாழ்வு மண்டலம் சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்தது. அந்த நிலைமையிலும் தினமும் மாடியேறிப் பார்த்திருக்கிறீர்கள். முதலில் அதற்கு என் வணக்கம்.

மேகத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். மேகமே இல்லாவிட்டாலும் அந்த ஆறு நாட்களில் மூன்று தொல்லைகள் இருந்தன.

முதல் தொல்லை, இந்த வால்நட்சத்திரம் உயர உயர மங்கிக்கொண்டே போனது. 12ஆம் தேதி நல்ல பிரகாசம்; ஆனால் சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய ஒரு முட்டி உயரத்தில்தான் இருந்தது. கையை நீட்டி விரல்களை முட்டியாக மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. 14ஆம் தேதி இரண்டு முட்டி உயரம் வந்தது, வெளிச்சம் குறைந்துவிட்டது. 20ஆம் தேதி கிட்டத்தட்ட நான்கு முட்டி. அதற்குள் சாதாரண நட்சத்திரம் ஒன்றின் ஒளிதான் அதில் மிச்சம். பிரகாசமாக இருந்தபோது தாழ்வாக இருந்தது, உயரத்துக்கு வந்தபோது மங்கிவிட்டது.

இரண்டாவது, காற்று. தலைக்கு நேர் மேலே இருக்கும் நட்சத்திரத்தின் ஒளி எவ்வளவு காற்றைத் தாண்டி வருகிறதோ, அதைப் போல 5 மடங்குக்கு மேலான காற்றை 10 டிகிரி உயரத்திலிருப்பதன் ஒளி தாண்டி வர வேண்டும். 5 டிகிரி உயரம் என்றால் சுமார் 10 மடங்கு. சென்னை மாதிரி ஈரமும் தூசியும் கலந்த கடற்கரைக் காற்றில் அந்த உயரத்தில் ஒரு நட்சத்திரத்தின் ஒளியில் பதினாறில் ஒரு பங்குதான் கண்ணுக்கு வந்து சேரும். மேகம் இல்லாத மாலையிலும் சென்னையின் மேற்கு அடிவானம் காவி நிறத்தில் மங்கலாக இருக்கிறதே, அதுதான் இது.

மூன்றாவது நிலவு. 17ஆம் தேதி பௌர்ணமி. நீங்கள் நின்ற எல்லா மாலையிலும் வளர்பிறை நிலவு வானத்தை வெளுக்க அடித்துக்கொண்டிருந்தது.

படங்கள் பொய்யில்லை. கேமரா ஐந்து விநாடி, பத்து விநாடி ஒளியைச் சேமித்துக்கொள்ளும். அப்படிப் பல படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, வாலை எடுப்பாகக் காட்டுவார்கள். நம் கண்ணுக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. ஊருக்கு வெளியே இருட்டில் நின்று பார்த்தவர்களுக்கு நீளமான வெளிர் வால் தெரிந்தது. ஊருக்குள்ளிருந்து பார்த்தவர்களுக்குப் பைனாகுலரில் ஒரு ஒளிப்பொட்டும் மேல்நோக்கிய சின்னக் கீற்றும். அதைப் பார்த்தவரும் வால்நட்சத்திரத்தைப் பார்த்தவர்தான். படத்தில் உள்ளதைக் கண்ணில் எதிர்பார்த்து, கண் முன்னே இருந்ததைத் தவறவிட்டவர்களின் கடிதங்களும் இந்தக் கட்டில் இருக்கின்றன. அவற்றைப் படிக்கும்போதுதான் எனக்கு மனசு தாங்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுக்கு நிஜமான வாய்ப்பு அமைந்தது அக்டோபர் மாலைகளில் அல்ல. செப்டம்பர் 28லிருந்து அக்டோபர் 2 வரை, விடியலுக்கு முன்னால், கிழக்கே. மகாளய அமாவாசையை ஒட்டிய நாட்கள், நிலவு ஒரு பொருட்டே இல்லை. வடகிழக்கு மழையும் இன்னும் வரவில்லை. ராமேஸ்வரத்திலிருந்து சென்னை வரை கிழக்கே முழுக்கக் கடல். ஐந்தேகால் மணிக்கு அலாரம் வைத்து எழுந்திருந்தால் போதும். செய்திகளில் எல்லாம் ‘அக்டோபர் 12’ என்று மட்டும் போட்டதால் அந்த விடியல்கள் ஆளில்லாமல் கழிந்தன.

அடுத்த முறை எங்கே போய் நின்று பார்ப்பது நல்லது? மலை உச்சியா, கடற்கரையா?
(கல்லூரி மாணவர், தேவகோட்டை)

தம்பி, நீங்கள் இருப்பது கண்மாய்ச் சீமை. மலையும் வேண்டாம், கடலும் வேண்டாம். மாலையில் மேற்கே தெரியும் வால்நட்சத்திரத்துக்குக் கண்மாய்க் கரையை மிஞ்சிய இடம் நம் பக்கத்தில் இல்லை.

காரணம் இருக்கிறது. நம் நிலம் மேற்கே மேடு, கிழக்கே சரிவு. மேற்கிலிருந்து ஓடி வரும் தண்ணீரை மறித்துத் தேக்க வேண்டுமென்றால் கரையைக் கிழக்கே போட வேண்டும். அதனால் பெரும்பாலான கண்மாய்களில் கரை கிழக்கிலும் நீர்ப்பிடிப்பு மேற்கிலும் இருக்கும். கரை மேல் ஏறி மேற்கே திரும்பினால் எதிரே தண்ணீர். வீடில்லை, விளக்குக் கம்பமில்லை, கண்ணை மறைக்கப் பக்கத்தில் மரமுமில்லை. பாசனத்துக்காக என்றைக்கோ போட்ட கரை, வானம் பார்க்கிறவர்களுக்குப் பத்தடி உயர மேடை. ஊரும் தெருவிளக்கும் ஆயக்கட்டுப் பக்கம், உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

சூச்சின்ஷானை நான் திருப்தியாகப் பார்த்தது அப்படி ஒரு கரையிலிருந்துதான். 20ஆம் தேதி மாலை. நிலவு எட்டு மணி வாக்கில்தான் எழும் என்பதால் அந்த நாளைத் தேர்ந்தெடுத்திருந்தோம். தெருப் பிள்ளைகள் சிலர், அவர்களின் அம்மாக்கள், நான். கண்மாய் அரைவாசி நிறைந்திருந்தது. மேற்கே மேகம் திட்டுத் திட்டாகப் படுத்திருக்க, அதற்கு மேலே வெளிறிய நீல வானம். ஆறரைக்கெல்லாம் வெள்ளி கீழே பளிச்சென்று வந்துவிட்டது, தண்ணீரிலும் அதன் கோடு விழுந்தது. வலது பக்கம் அடிவானத்தை ஒட்டி சுவாதி. பிள்ளைகள் செல்போனில் திசை பார்ப்பதும், அந்த வெளிச்சத்தில் கண் கூசி வானத்தைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. ஆட்டை ஓட்டிக்கொண்டு கரை வழியே வந்த அம்மா ஒருவர் நின்றார்.

“என்னத்தப் பாக்குறீக டீச்சரம்மா?”

சொன்னேன். அவர் மேற்கே திரும்பிக் கொஞ்ச நேரம் பார்த்தார். “வெள்ளிக்கு மேல, சோத்தாங்கைப் பக்கமா, பஞ்சு பிஞ்சு கெடக்காப்புல இருக்கே, அதுவா?”

அதுவேதான். எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவர் பார்த்துவிட்டார். அன்று சாயங்காலம் முழுக்க அவர் கண்ணில் எந்தத் திரை வெளிச்சமும் படவில்லை. இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக 20 நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் ஆகும். செல்போனை ஒரு தடவை பார்த்தால் பழகியது போய்விடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிள்ளைகளின் போன்களை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கட்டினோம். கால் மணி நேரத்தில் ஒவ்வொருவராகக் கத்த ஆரம்பித்தார்கள்.

கடைக்கண்ணால் பார்க்கவும் சொல்லிக்கொடுத்தேன். மங்கலான ஒன்றை நேராக முறைத்தால் அது மறையும். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் தெரியும். விழித்திரையின் நடுப்பகுதி நிறத்துக்கும் நுணுக்கத்துக்கும் ஏற்றது. மங்கல் ஒளியை வாங்கும் செல்கள் சுற்றியுள்ள பகுதியில்தான் அதிகம்.

கரைக்குப் போகும்போது சில விஷயங்கள். மழைக்காலத்தில் பாம்பும் பூரானும் மேட்டைத் தேடி வரும், செருப்பில்லாமல் போக வேண்டாம். டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். சிவப்பு வெளிச்சம் கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது. கலுங்கு மேல் தண்ணீர் வழிந்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது. இருட்டுவதற்கு முன்பே போய், நிற்கும் இடத்தைப் பகலில் பார்த்து வையுங்கள்.

எங்கள் ஊரில் மேற்கே முழுக்க மலை. நாங்கள் என்ன செய்ய?
(வாசகி, ராஜபாளையம்)

கிழக்கே வண்டியை விடுங்கள், அவ்வளவுதான். சமவெளியிலிருந்து 1,200 மீட்டர் உயர்ந்த முகடு 8 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் வானத்தில் எட்டரை டிகிரியை மறைக்கும். அதே முகடு 30 கிலோமீட்டர் தள்ளிப் போனால் இரண்டு டிகிரி சொச்சம்தான். சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் உறவுக்காரர்கள் இருந்தால் அன்றைக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். விடியற்காலை வால்நட்சத்திரம் என்றால் உங்களுக்கு நகரவே வேண்டாம். கிழக்கு உங்களுக்குத் திறந்த வெளி.

முப்பதாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். வால்நட்சத்திரம் பார்க்க என்ன தொலைநோக்கி வாங்கலாம்?
(வாசகர், கோயம்புத்தூர்)

வால்நட்சத்திரத்துக்கு என்றால் தொலைநோக்கி வேண்டாம். பைனாகுலர் வாங்குங்கள். 10x50 அல்லது 7x50. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்பக்கக் கண்ணாடியின் அகலம் மில்லிமீட்டரில். 10x50 ஒரே பார்வையில் ஆறு டிகிரி அளவு வானத்தைக் காட்டும். பன்னிரண்டு முழு நிலவுகளை வரிசையாக அடுக்கலாம். வால்நட்சத்திரம் அகலமான, மங்கலான பொருள். தொலைநோக்கியில் அதன் தலை மட்டும் பெரிதாகி, வால் பார்வைக்கு வெளியே போய்விடும். தவிர, அடிவானத்தை ஒட்டிய ஒரு பொருளைத் தொலைநோக்கியில் தேடிப் பிடிப்பதற்குள் அது மறைந்துவிடும்.

பயன்படுத்தும் முறை சொல்கிறேன். முதலில் வெள்ளியையோ ஒரு பிரகாசமான நட்சத்திரத்தையோ பார்த்து, அது கூர்மையான புள்ளியாகும் வரை ஃபோகஸ் திருகுங்கள். இதைச் செய்யாமல் மங்கலான பொருளைத் தேடுவது வீண். பிறகு அடிவானத்திலிருந்து தொடங்கி இடமிருந்து வலம், ஒரு பார்வை அளவு மேலே ஏற்றி வலமிருந்து இடம் என்று நாற்று நடுகிற மாதிரி வரிசை விடாமல் வாருங்கள். மதில் சுவரிலோ வண்டி மேலோ முழங்கையை ஊன்றிக்கொண்டால் நடுக்கம் இருக்காது.

ஒன்றை மட்டும் மிகக் கண்டிப்பாகச் சொல்கிறேன். சூரியன் முழுக்க மறைந்த பிறகுதான் பைனாகுலரைக் கண்ணில் வைக்க வேண்டும். விடியற்காலை என்றால் சூரியன் எழுவதற்குக் கால் மணி நேரம் முன்னாலேயே மூடிப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். ஒரு கணம் சூரியன் அதில் பட்டாலும் கண் திரும்பி வராது. பிள்ளைகளிடம் கொடுக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நிற்கட்டும்.

வாங்கிய பிறகு நம் ஊர் ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். வேட்டி முனையால் துடைக்காதீர்கள், தூசி கீறிவிடும். மீதிப் பணம் பத்திரமாக இருக்கட்டும். சனியின் வளையம் பார்க்க ஆசை வரும்போது தொலைநோக்கிக்கு ஆகும்.

நான் ஆறு மாதக் கர்ப்பிணி. வால்நட்சத்திரம் வந்தால் நாட்டுக்கு ஆகாது, வயிற்றுப் பிள்ளைக்கும் ஆகாது என்று மாமியார் வெளியே விடவில்லை. பார்க்கவே கூடாதா?
(வாசகி, திருச்செங்கோடு)

தாராளமாகப் பார்க்கலாம் அம்மா. அது கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் போகும் பனியும் தூசியும் கலந்த கட்டி. சூரியச் சூட்டில் பனி ஆவியாகித் தூசியைக் கிளப்புகிறது. அந்தத் தூசியில் சூரிய ஒளி பட்டு மிளிர்வதுதான் வால். அதிலிருந்து உங்களுக்கோ பிள்ளைக்கோ வருவதற்கு எதுவுமில்லை. உட்கார ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள், கொசு கடிக்காமல் போர்த்திக்கொள்ளுங்கள். உங்கள் நிலையில் கவனிக்க வேண்டியது கொசுவைத்தான்.

மாமியாரோடு சண்டை வேண்டாம். பழைய பயம்தான் அது, நம் ஊருக்கு மட்டும் உரியதும் அல்ல. 1910 மே மாதம் ஹாலி வால்நட்சத்திரத்தின் வால் வழியே பூமி போகிறது, அதில் விஷவாயு இருக்கிறது என்று ஐரோப்பாவும் அமெரிக்காவும் நடுங்கின. மாத்திரைகூட விற்றார்கள். ஒன்றும் ஆகவில்லை.

நம்மிடம் அதற்கு ரொம்ப முன்பே இன்னொரு குரலும் இருந்திருக்கிறது. புறநானூற்றில் கபிலர் பாரியின் நாட்டைப் பற்றிப் பாடும்போது, சனி புகைந்தாலும், வானில் தூமம், அதாவது வால்நட்சத்திரம், தோன்றினாலும், வெள்ளி தென் திசைக்கு ஓடினாலும் அந்த நாட்டில் வயல் நிறையும், மழை பொய்க்காது என்கிறார். காரணம், அவன் கோல் செம்மையாக இருந்தது. கெட்ட நிமித்தம் என்று ஊர் நம்பிய காலத்திலேயே, நாடு நன்றாயிருப்பது ஆள்பவனின் நேர்மையால் என்று சொன்ன கவிஞர் அவர். மாமியாருக்கு அந்தப் பாட்டைச் சொல்லிப் பாருங்கள். முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போங்கள்.

மழைக்காலத்தில் மேகம் விலகுமா என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது? போனில் வரும் வானிலைப் படம் தினமும் இடியும் மின்னலும்தான் காட்டுகிறது.
(ஆசிரியர், நாகப்பட்டினம்)

போனில் வரும் அந்தச் சின்னப் படத்தை நம்பி வீட்டுக்குள் உட்கார வேண்டாம். ஒரு நாளில் எப்போதாவது மழைக்கு வாய்ப்பிருந்தாலும் அது நாள் முழுக்க இடி மின்னல்தான் போடும். வானிலைத் துறையின் தளத்தில் இன்சாட் செயற்கைக்கோள் படங்கள் அடிக்கடி புதுப்பிக்கப்படுகின்றன. மாலை நான்கு மணிக்கு ஒன்று, ஐந்து மணிக்கு ஒன்று பாருங்கள். வங்கக் கடலில் உங்களுக்குக் கிழக்கே உள்ள மேகம் நெருங்கி வருகிறதா, நடுவில் இடைவெளி இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

வடகிழக்குப் பருவமழைக்கு ஒரு குணம் உண்டு. கடலோர ஊர்களில் பெரும்பாலும் இரவிலும் விடியலிலும் கொட்டிவிட்டு, மதியத்துக்கு மேல் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். மாலை வால்நட்சத்திரத்துக்கு இது சாதகம். அப்புறம், பலத்த மழை பெய்து ஓய்ந்த முதல் தெளிந்த மாலையை மட்டும் எந்த வேலைக்காகவும் விடாதீர்கள். தூசி எல்லாம் கழுவப்பட்டு, வெயில் காலத்தில் கனவிலும் வராத அளவுக்கு அடிவானம் சுத்தமாக இருக்கும். பத்து நிமிடத் திறப்பு கிடைத்தாலும் போதும். மழைக்காலத்தில் வானம் பார்க்கிறவர்கள் முழு இரவை எதிர்பார்க்க முடியாது. அந்தப் பத்து நிமிடத்தில் பைனாகுலரும் நாமும் வெளியே இருக்க வேண்டும்.

நம் அட்சரேகையில் இன்னொரு வசதி. சூரியன் கிட்டத்தட்ட நேர்செங்குத்தாக இறங்குவதால் சீக்கிரம் இருட்டிவிடும். சூரியன் மறைந்து 50 நிமிடத்தில் மங்கல் நட்சத்திரங்களும் எட்டிப்பார்க்கும். லண்டனில் இருப்பவர் இதே அளவு இருட்டுக்கு இன்னும் அதிக நேரம் காத்திருக்க வேண்டும், அதற்குள் தாழ்வான வால்நட்சத்திரம் இறங்கிவிடும். மறைந்த 40 நிமிடத்திலிருந்து 70 நிமிடம் வரை உள்ள அந்த அரை மணி நேரத்தைக் குறி வைத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் எங்கட பக்கமும் அந்தக் கிழமை முழுக்க மப்பும் மந்தாரமும். பண்ணைப் பாலத்தடியில் நின்று பார்த்தால் சரிவருமோ?
(வாசகர், யாழ்ப்பாணம்)

நன்றாகச் சரிவரும். மேற்கே கடல்நீரேரி விரிந்து கிடக்கிற இடம், நான் கண்மாய்க்குச் சொன்ன நியாயம் அதற்கும் பொருந்தும். நகர வெளிச்சம் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி, பாலத்தில் கொஞ்சம் தள்ளிப் போய் நில்லுங்கள். வாகனங்களின் விளக்கு கண்ணில் அடிக்காத இடமாகப் பார்க்க வேண்டும். மழை உங்களுக்கும் எங்களுக்கும் ஒரே கடலிலிருந்துதான் வருகிறது. மேகத்துக்குச் சொன்னதும் உங்களுக்கு அப்படியே செல்லும்.

தீபாவளிக்கு இன்னொரு வால்நட்சத்திரம் பகலிலேயே தெரியும் என்றார்களே, அது என்ன ஆனது?
(வாசகி, சேலம்)

அழிந்துவிட்டது. செப்டம்பர் 27 அன்று அட்லஸ் தொலைநோக்கிகள் கண்டுபிடித்து, அந்தப் பெயரையே பெற்ற இன்னொரு வால்நட்சத்திரம் அது, சூரியனை உரசிப் போகும் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்டோபர் 28 அன்று சூரியனை நெருங்கும்போதே நொறுங்கிப் போனது. சூரியனைக் கண்காணிக்கும் சோஹோ விண்கலத்தின் படங்களில் அதன் கடைசி நேரம் பதிவாகியிருக்கிறது. 2013இல் ஐசானும் இப்படித்தான், ‘நூற்றாண்டின் வால்நட்சத்திரம்’ என்று ஓராண்டு பேசப்பட்டு, நவம்பர் 28 அன்று சூரியனைச் சுற்றும்போது சிதறியது. சூச்சின்ஷானும் உடைந்துவிடும் என்று ஜூலையில் ஒரு விஞ்ஞானி எழுதினார், அது தாக்குப்பிடித்தது. சூரியனை நெருங்கும் வால்நட்சத்திரம் பிழைக்குமா என்று அது சுற்றி வரும் வரை யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே செய்தித் தலைப்பை நம்பி ஊர் முழுக்கச் சொல்லி வைக்காமல், தேதியை மட்டும் குறித்து வையுங்கள்.

சூச்சின்ஷான் இனி 80,000 ஆண்டு கழித்துத்தான் வருமாமே?
(பல வாசகர்கள்)

அப்படித்தான் செய்திகளில் வந்தது. அதன் பாதையைப் பார்த்தால் திரும்பி வராமலே சூரிய மண்டலத்தை விட்டுப் போய்விடவும் கூடும். நாள் குறித்து வருவது ஹாலி. 1986 பிப்ரவரியில் வந்தது, அடுத்து 2061 ஜூலையில். உங்கள் வீட்டில் இப்போது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அதைப் பார்ப்பார்கள். இடையில், 2025 ஜனவரி 13 அன்று வேறொரு அட்லஸ் சூரியனை மிக நெருங்கியது, சுமார் 1.4 கோடி கிலோமீட்டரில். அது தென் அரைக்கோளத்துக்குத்தான் விருந்து. நமக்குச் சூரியனுக்கு மிக அருகில் இருந்ததால் தேடிப் போகும்படி அமையவில்லை.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்து என் பெயர் வைக்க முடியுமா?
(மாணவி, திருப்பத்தூர் மாவட்டம்)

இந்த மாதம் வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

உன் மாவட்டத்திலேயே காவலூர் வானாய்வகம் இருக்கிறது, ஜவ்வாது மலையில். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு வைணு பாப்பு பெயர் வைத்திருக்கிறார்கள். பாப்பு சென்னையில் பிறந்தவர். 1949இல் ஹார்வர்டில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, ஒரு புகைப்படத் தகட்டில் புது வால்நட்சத்திரம் ஒன்றைக் கண்டார். அது பாப்பு-பாக்-நியூகிர்க் என்று அவர் பெயரோடு நிற்கிறது. அடுத்த தடவை காவலூர்ப் பக்கம் போகும்போது உன் ஆசிரியரிடம் இதைச் சொல்.

தொழில்முறை விஞ்ஞானிகளுக்கு மட்டும்தான் வாய்ப்பு என்று நினைக்காதே. ஜப்பானில் இக்கேயா பியானோ தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே, தானே செய்த தொலைநோக்கியால் தேடினார். 1965இல் அவரும் செக்கியும் கண்டுபிடித்த வால்நட்சத்திரம் சூரியனுக்குப் பக்கத்தில் பகலிலேயே தெரிந்தது. 2023 ஆகஸ்டில் நிஷிமுரா என்ற ஜப்பானிய ஆர்வலர் சாதாரண கேமராவில் விடியல் வானத்தைப் படமெடுத்து ஒன்றைப் பிடித்தார். தானியங்கித் தொலைநோக்கிகள் இரவு முழுக்க வானத்தைத் துழாவும் காலத்தில் அவருக்கு எப்படிக் கிடைத்தது? சூரியனுக்குப் பக்கத்தில், அடிவானத்தை ஒட்டி, விடியல் வெளிச்சத்தில் அந்தப் பெரிய கருவிகள் அதிகம் பார்ப்பதில்லை. நாம் இவ்வளவு நேரம் திட்டிக்கொண்டிருந்த அதே மோசமான இடத்தில்தான் அவருக்குக் கிடைத்தது.

வீட்டில் கேமரா இல்லாவிட்டாலும் வழி உண்டு. 1995 டிசம்பரில் ஏவப்பட்ட சோஹோ விண்கலம் சூரியனைத் தொடர்ந்து படமெடுத்து வந்திருக்கிறது. அந்தப் படங்களில் 5,000க்கும் மேற்பட்ட வால்நட்சத்திரங்கள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன, பெரும்பாலானவற்றைக் கண்டவர்கள் வீட்டிலிருந்து கணினியில் பார்த்த ஆர்வலர்கள். அவற்றுக்கு விண்கலத்தின் பெயர்தான் வைப்பார்கள், கண்டவர் பெயர் பட்டியலில் இருக்கும். அடுத்தடுத்த படங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்து, நட்சத்திரங்களோடு சேராமல் தனியாக நகரும் புள்ளியைத் தேட வேண்டும். மழை பெய்யும் மாலைகளில் பள்ளிக்கூடக் கணினி அறையில் இதைத் தொடங்கலாம். முதலில் ஏற்கெனவே கண்டுபிடித்தவற்றின் படங்களைப் பார்த்துக் கண்ணைப் பழக்கு. சந்தேகம் வந்தால் எனக்கு எழுது, பதில் போடுகிறேன்.

நவம்பரிலும் சூச்சின்ஷானைப் பார்க்க முடிந்ததா?
(வாசகர், தருமபுரி)

2024 நவம்பர் தொடக்கத்தில் கண்ணால் முடியவில்லை, பைனாகுலரில் முயல முடிந்தது. மாலையில் மேற்கே, திருவோண நட்சத்திரத்துக்குக் கீழே, அடிவானத்துக்கு மேலே நல்ல உயரத்தில் இருந்தது. வால் தெரியவில்லை, உருண்டையான மங்கல் ஒளி மட்டும். நவம்பர் 15 பௌர்ணமி. அதை ஒட்டிய நாட்களில் நிலவு விடவில்லை. 18ஆம் தேதிக்குப் பிறகு மாலை இருட்டானது, ஆனால் வால்நட்சத்திரமும் அதற்குள் இன்னும் மங்கிவிட்டது. அதனால் அந்த மாதத் தொடக்கத்திலேயே, மழை விட்ட முதல் மாலையில் பார்த்தவர்களுக்குத்தான் நல்ல வாய்ப்பு இருந்தது.